மாதந்தோறும் கட்டுகிறேன், கடன் ஏன் குறையவில்லை?

வாசகர் கேள்விகளும் பதில்களும்: கிரெடிட் கார்டின் குறைந்தபட்சத் தொகை

கேள்வி: பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு தங்கையின் வளைகாப்புச் செலவும் வீட்டுக்கு வாங்கிய வாஷிங் மெஷினும் சேர்ந்து என் கிரெடிட் கார்டு பில் 60,000 ரூபாய்க்கு வந்தது. முழுவதும் கட்ட முடியாததால், அன்றிலிருந்து பில்லில் 'மினிமம் டியூ' என்று போட்டிருக்கும் தொகையை, பில் வந்த அன்றே கட்டிவருகிறேன். அதன்பின் கார்டைத் தொடவே இல்லை. பன்னிரண்டு மாதங்களில் ஏறத்தாழ 34,000 ரூபாய் கட்டிவிட்டேன். ஆனால் இம்மாதப் பில் 52,700 ரூபாய் அளவில் வந்திருக்கிறது. வங்கி கணக்கைத் தவறாகப் போட்டிருக்கிறதா? வட்டி மாதம் 3.5 சதவிகிதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.
- திருப்பூர் வாசகர்

பதில்: வங்கி தவறு செய்யவில்லை. நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்தே கணக்கைப் போட்டுப் பார்த்தேன்; ஏறக்குறைய நீங்கள் சொன்ன இடத்தில்தான் வந்து நிற்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் அலுவலகக் கால்குலேட்டரில் நீங்களும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் பில் 60,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகை அதில் 5 சதவிகிதம் என்று கொண்டால் நீங்கள் கட்டியது 3,000 ரூபாய்; மீதி 57,000. அதற்கு 3.5 சதவிகித வட்டி 1,995 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை; அது 359 ரூபாய். ஆக, இரண்டாவது பில் 59,354 ரூபாய். 3,000 ரூபாய் கட்டியும் பில்லில் குறைந்தது 646 ரூபாய்தான். அடுத்த மாதம் 5 சதவிகிதமாக 2,968 ரூபாய் கட்டினீர்கள். அதில் 2,354 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் கழிந்தது 614 ரூபாய். இப்படியே பன்னிரண்டு மாதம் போனால் நீங்கள் கட்டியது ஏறத்தாழ 33,900 ரூபாயாகவும், கடன் குறைந்தது ஏறத்தாழ 7,300 ரூபாயாகவும் இருக்கும். இடையில் உள்ள 26,600 ரூபாய் வட்டியும் வரியும்தான்.

நம் ஊரில் வட்டியை ஆண்டுக் கணக்கில் யாரும் சொல்வதில்லை. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, மூன்று ரூபாய் என்றால் மூன்று வட்டி. தெருவில் ஒருவர் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் 'பாவம், என்ன கஷ்டமோ' என்று சொல்லும் நாம், கையில் இருக்கும் கார்டு மூன்றரை வட்டிக் கடன் என்பதையும், ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் அது நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு என்பதையும் அதே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதில்லை. 'ஆண்டுக்கு 42 சதவிகிதம்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைவிட, 'நாலு வட்டி' என்று யாராவது வாயால் சொல்லியிருந்தால் உங்களுக்கு முதல் மாதமே உறைத்திருக்கும்.

குறைந்தபட்சத் தொகை எதற்காக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும். உங்கள் கணக்கு தவணை தவறிய கணக்காகிவிடாமல் இருக்க வங்கி ஏற்கும் மிகச் சிறிய தொகை அது. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை, வசூல் அழைப்பு இல்லை, கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று பதிவாகும். கடன் எப்போது தீரும் என்ற கேள்விக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வைப்பவர்களை அடகுக்கடை வாசலில் பார்த்திருப்பீர்கள். நகை மீட்கப்படவில்லை என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். கார்டில் அதே காரியத்தைச் செய்யும்போது மட்டும் 'கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிமுறைகள் இதில் இரண்டு விஷயங்களைச் செய்தன. குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் கடன் ஏறிக்கொண்டே போகும் நிலை வரக் கூடாது, அந்தத் தொகை அதற்கேற்ப அமைய வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீண்டு, கூட்டு வட்டி சேரும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடச் சொன்னன. உங்கள் பில்லிலும் அது இருக்கும், தேடினால் கிடைக்கும். முதல் விதியால் உங்கள் கடன் ஏறவில்லை என்பது உண்மைதான், ஆனால் ஏறாமல் இருப்பது வேறு, இறங்குவது வேறு.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. என் பார்வையில் முழு விஷயத்திலும் முக்கியமானது இதுதான். கடன் சற்றுக் குறைந்தால் அடுத்த மாதக் குறைந்தபட்சத் தொகையும் குறைகிறது. முதலில் 3,000 கட்டிய நீங்கள் இப்போது 2,635 ரூபாய்தான் கட்டுகிறீர்கள். கட்ட வேண்டியது குறைவதைப் பார்த்து ஆறுதல் அடைகிறோம். உண்மையில் அந்தக் குறைவுதான் கடனை இழுத்துக்கொண்டே போகிறது. இதே வழியில் போனால் 60,000 ரூபாய்க் கடன் பாதியாவதற்கே முதல் பில்லிலிருந்து 5 ஆண்டுகளும் 4 மாதங்களும் ஆகும். அதற்குப் பதிலாக, பில் என்ன சொன்னாலும் மாதம் 3,000 ரூபாயை மாற்றாமல் கட்டியிருந்தால் 39 மாதங்களில் கடன் முழுவதும் முடிந்திருக்கும். மொத்தம் சுமார் 1,17,000 ரூபாய் ஆகியிருக்கும் என்பது வேறு கதை. 5,000 ரூபாயாகக் கட்டியிருந்தால் 16 மாதங்களில், 80,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஆகவே இன்றிலிருந்து பில்லில் அச்சிட்ட குறைந்தபட்சத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, உங்களால் முடிந்த ஒரு தொகையை நீங்களே நிர்ணயித்து, அதற்குக் கீழே இறங்காமல் கட்டிவாருங்கள். கார்டைத் தொடாமல் இருப்பது பாதி வேலை. அதை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்.

கேள்வி: பில் 32,000 ரூபாய்க்கு வந்தது. கையில் இருந்த 30,000 ரூபாயைக் கட்டிவிட்டு, மீதி 2,000தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த பில்லில் நான் புதிதாக வாங்கிய பொருட்களுக்கும் சேர்த்து வட்டி போட்டிருக்கிறார்கள். ஐம்பது நாள் வரை வட்டி இல்லை என்று சொல்லித்தானே கார்டு கொடுத்தார்கள்?
- மதுரை வாசகி

பதில்: வட்டியில்லாக் காலம் என்பது சென்ற மாதப் பில்லை முழுவதும் கட்டியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை நின்றுவிடும் என்பது விதிமுறைகளிலேயே இருக்கிறது; வாடிக்கையாளருக்கு அதை எடுத்துக்காட்டோடு விளக்கிச் சொல்ல வேண்டியது வங்கியின் கடமை என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கார்டு விற்க வருபவர் ஐம்பது நாளைச் சொல்வார். அது எப்போது நின்றுபோகும் என்பதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதன் விளைவு என்ன என்று பாருங்கள். நீங்கள் 2,000 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு, அதே கார்டில் 25,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கியிருந்தால், அந்த 25,000 ரூபாய்க்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அடுத்த பில் தயாராக 20 நாள் இருந்தது என்றால், ஆண்டுக்கு 42 சதவிகித வீதத்தில் 575 ரூபாய் வட்டியும் 104 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 679 ரூபாய் வரும். பாக்கி வைத்த 2,000 ரூபாய்க்குரிய வட்டி தனி. மீதி சிறியதாக இருந்தால் வட்டியும் சிறியதாக இருக்கும் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். கார்டில் அந்தக் கணக்கு செல்லாது.

பாக்கி முழுவதும் தீரும்வரை அந்தக் கார்டில் எதுவும் வாங்காதீர்கள். பில்லை முழுவதும் கட்டிய பிறகும், பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் சிறு தொகையாக வரக்கூடும். 'முழுவதும் கட்டிவிட்டேனே, இது என்ன புதிதாக' என்று கோபித்துக்கொண்டு அதைக் கட்டாமல் விட்டால், சலுகை மறுபடியும் நின்றுவிடும்.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு செய்திருந்தால், அதில் முழுத் தொகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா, குறைந்தபட்சத் தொகையையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தில் அவசரமாகப் போட்ட ஒரு டிக் குறியால், முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் வட்டி கட்டியவர்கள் உண்டு.

கேள்வி: ஒரு கார்டில் ஏ.டி.எம். மூலம் பணம் எடுத்து, மற்றொரு கார்டின் மினிமம் தொகையைக் கட்டலாமா?
- கோவை வாசகர்

பதில்: வேண்டாம். கிரெடிட் கார்டில் ரொக்கமாக எடுக்கும் பணத்துக்கு வட்டியில்லாக் காலம் கிடையவே கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி உண்டு, எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. நாலு வட்டிக் கடனுக்குத் தவணை கட்ட இன்னொரு நாலு வட்டிக் கடனைக் கட்டணம் கொடுத்து வாங்குவதாகிவிடும்.

கேள்வி: அடுத்த ஆண்டு வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருக்கிறது. மினிமம் தொகையை மட்டும் கட்டிவந்தால் சிபில் ஸ்கோர் குறையுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- திருச்சி வாசகர்

பதில்: ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதுதான். தவணை தவறியதாகப் பதிவாகுமா என்றால், ஆகாது. கடைசித் தேதிக்குள் குறைந்தபட்சத் தொகையை முழுமையாகக் கட்டிவிட்டால் கணக்கு ஒழுங்கானது. தவறிப்போனாலும், கடைசித் தேதியிலிருந்து மூன்று நாட்களுக்கு மேல் கடந்தால்தான் தாமதம் என்று, நாம் கடனைக் கட்டும் விதத்தைப் பதிவு செய்து ஸ்கோர் போடும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவோ தாமதக் கட்டணம் போடவோ முடியும். ஆனால் குறைந்தபட்சத் தொகையிலேயே ஒரு பகுதியை மட்டும் கட்டினால் கட்டியதாகக் கணக்கில்லை. அப்படி 90 நாட்கள் போனால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அது பிற்காலத்தில் எந்த வங்கிக்குப் போனாலும் முன்னால் வந்து நிற்கும்.

ஸ்கோர் பாதிக்கப்படுமா என்பது அடுத்த கேள்வி. 300 முதல் 900 வரை போடப்படும் இந்த மதிப்பெண்ணில், உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பில் எவ்வளவு பங்கைக் கடனாக வைத்திருக்கிறீர்கள் என்பதும் பார்க்கப்படுகிறது. ஒரு லட்சம் ரூபாய் வரம்புள்ள கார்டில் 80,000 ரூபாய் பாக்கியை மாதக்கணக்கில் சுமந்துகொண்டு, குறைந்தபட்சத்தைத் தவறாமல் கட்டுபவரின் பதிவில் ஒரு தாமதம்கூட இருக்காது. ஆனாலும் அவர் பண நெருக்கடியில் இருக்கிறார் என்பது கடன் கொடுப்பவருக்குப் புரிந்துவிடும். வரம்பில் 30 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வீட்டுக்கடன் தரும் வங்கிகள் பலவும் கார்டு பாக்கியை மாதந்தோறும் கட்ட வேண்டிய கடமைகளில் ஒன்றாகச் சேர்த்துத்தான் உங்களுக்கு எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்கின்றன. ஆகவே விண்ணப்பிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே பாக்கியை இறக்கிவிடுங்கள். சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போவது உத்தமம்.

கேள்வி: என் கணவரின் கார்டில் ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருக்கிறது. மினிமம்தான் கட்டிவருகிறார். என் நகையை வங்கியில் வைத்து இதை அடைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: வெறும் கணக்கு 'செய்யலாம்' என்றுதான் சொல்லும். ஒரு லட்சம் ரூபாய்க்குக் கார்டில் மாதம் 4,130 ரூபாய் வட்டியும் வரியும். நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவிகிதத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 833 ரூபாய். குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டு ஓர் ஆண்டைக் கழித்தால் வட்டிக்கும் வரிக்கும் 44,000 ரூபாய்க்கு மேல் போகும் இடத்தில், இது 10,000 ரூபாயில் முடியும்.

ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கார்டு கடன் ஈடு இல்லாத கடன், அதுவும் உங்கள் கணவரின் பெயரில் உள்ள கடன். கட்டாவிட்டால் அவருடைய பெயர் கெடும், வழக்கு வரலாம், ஆனால் உங்கள் கழுத்தில் இருப்பதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. நகையை வைத்த பிறகு அது உங்கள் நகையை ஈடாகக் கொண்ட கடன், தவறினால் ஏலம்தான். அவருடைய கடனின் சுமை உங்கள் பொருளுக்கு மாறுகிறது என்பதை இருவரும் அறிந்தே செய்ய வேண்டும்.

ஆகவே முதலில் கார்டு கொடுத்த வங்கியிலேயே பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுக்கு 16 சதவிகிதத்தில் 12 மாதங்களுக்கு மாற்றித் தந்தால், மாதத் தவணை 9,073 ரூபாய். ஓர் ஆண்டுக்கு வட்டியும் அதன் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து சுமார் 10,500 ரூபாய், அதோடு மாற்றுவதற்கான கட்டணம். நகைக்கடனுக்கு ஏறக்குறைய சமமான செலவு. நகையும் பீரோவிலேயே இருக்கும். அந்த அளவு தவணை கட்ட வருமானம் இடம் தராது என்றால் மட்டும் நகையைப் பற்றி யோசியுங்கள்.

எந்த வழியில் அடைத்தாலும், அடைத்த அன்றே கார்டை ரத்து செய்ய விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அல்லது வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். பாக்கி இல்லாத கார்டை ரத்து செய்யக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நகை வங்கியிலும் கார்டு சட்டைப்பையிலுமாக இருந்த குடும்பங்கள் ஓராண்டில் இரண்டு கடன்களோடு நிற்பதைப் பார்த்திருப்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கிரெடிட் கார்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருப்பதாக நண்பர் சொல்கிறார். அப்படியானால் 42 சதவிகிதம் எப்படி?
- வேலூர் வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது ஒரு காலத்தில் இருந்தது. தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008 ஜூலையில், ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக முறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வங்கிகள் வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்க்க முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் சொல்கிறது. நம் மாநிலத்தில் 2003 முதல் இருக்கும் கந்துவட்டித் தடைச் சட்டத்தைச் சிலர் நினைவூட்டுவார்கள்; அது தனியார் வட்டிக் கடைகளுக்கும் தண்டல்காரர்களுக்குமானது, இங்கே கைகொடுக்காது.

கேள்வி: வேலை போய் நான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டு மாதங்களாக மினிமம்கூடக் கட்ட முடியவில்லை. வசூல் ஆட்கள் இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறார்கள், என் மாமனாரையும் அழைத்துப் பேசியிருக்கிறார்கள். பாதித் தொகை கட்டினால் கணக்கை முடித்துவிடுவதாகவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- சேலம் வாசகர்

பதில்: கடன் பாக்கி இருப்பது குற்றமல்ல. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. கடன் வாங்கியவரின் உறவினர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வதும், மிரட்டுவதும், அவமானப்படுத்துவதும் அதே உத்தரவில் தடை செய்யப்பட்டவை. அழைப்பு வந்த தேதி, நேரம், எண் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு, வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

அதே கடிதத்தில், வேலை போன விவரத்தைச் சொல்லி, பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைகளாக மாற்றித் தரும்படி கேளுங்கள். கணக்கு 90 நாட்களைக் கடப்பதற்கு முன் கேட்பதற்கும் பின் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வங்கி இசைந்தால் எழுத்தில் வாங்கிய பிறகே முதல் தவணையைக் கட்டுங்கள்.

பாதி கட்டி முடிப்பது என்று அவர்கள் சொல்வது 'செட்டில்மென்ட்'. அதை ஏற்றால் உங்கள் கடன் அறிக்கையில் முழுவதும் கட்டி முடித்த கணக்காக இல்லாமல், 'செட்டில்டு' என்று பதிவாகும். வருங்காலத்தில் கடன் கேட்கும்போது அது தடையாக நிற்கும். வேறு வழியே இல்லாதவருக்கு அதுவும் ஒரு வழிதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வங்கியின் கடிதத்தாளில், மீதித் தொகைக்கு இனி உரிமை கோர மாட்டோம் என்ற வாசகத்தோடு எழுதி வாங்காமல், தொலைபேசியில் பேசியவரின் சொல்லை நம்பி ஒரு ரூபாயும் செலுத்த வேண்டாம். செலுத்துவதையும் வங்கியின் கணக்குக்கே செலுத்துங்கள், தனி நபரின் எண்ணுக்கு அல்ல.

புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் ஏதுமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முறையிடும்போது, முதலில் வங்கிக்கு எழுதிய புகாரின் நகலைச் சேர்க்க வேண்டும். அந்த நகல் இல்லாத முறையீடு தொடக்கத்திலேயே திரும்பி வந்துவிடும் என்பதால், இன்றே அந்த முதல் கடிதத்தை அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள்.